புருஷன் ‘மற்றவர்’ பிரிவில் வருவார்

பிஷ்கெக் நகரத்தில் ஒலி மரபுப் பாதுகாப்பு நடுவம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. நாட்டில் யாருடைய குரல் வானொலியில் ஏறியிருந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருப்பது அதன் வேலை. பத்திரம் என்றால் சாதாரணப் பத்திரம் இல்லை. வைத்தவர்களாலேயே எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரம்.

நரினுக்கும் பிஷ்கெக்குக்கும் நடுவே பயணிகள் வேன் ஓட்டும் ஜோல்தோஷ், ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, வந்த சவாரியை இறக்கிவிட்ட கையோடு அங்கே போனார். கையில் ஒரு பை குருத். உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த தயிர். சொந்தக் கொட்டகைக் கூரையில் காய்ந்தது. அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் கட்சி.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மனைவி புருலின் குரல்.

புருல் தோலோன் கணவாய் உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் பார்வையாளராக இருந்தவள். காலையில் காற்றையும் பனியையும் குளிரையும் அளந்து, வட்டார வானொலியில் அவளே வாசிப்பாள். அந்த நேரத்துக்கு ஜோல்தோஷின் வேன் கணவாய் ஏறிக்கொண்டிருக்கும். அறிக்கையின் முடிவில், அரசாங்கம் கேட்காத ஒரு வரி வரும்: “நீலக் கதவு வண்டிக்காரர் தொப்பி போட்டுக்கவும்.”

நசுங்கிப்போன கதவுக்குப் பதில் வேறேதோ வண்டியின் நீலக் கதவை மாட்டிக்கொண்டு ஓடிய வெள்ளை வேன் அந்தத் தடத்தில் ஒன்றுதான். பயணிகள் எல்லாரும் அவர் தலையைப் பார்ப்பார்கள். அவர் ஒன்றும் நடக்காதது போலத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். மேலதிகாரி புருலிடம் விளக்கம் கேட்டபோது, “அதுவும் வானிலைதான்” என்று ஒரே வரியில் பதில் கொடுத்தாளாம்.

போன அக்டோபரில் புருல் இறந்துபோனாள். வருஷ நினைவு விருந்துக்கு அறுக்கக் குதிரை பேசி முடித்த அன்றைக்கு மகள் சைரா சொன்னாள்: “அத்தா, கண்ண மூடினா அம்மா முகம் வருது. குரல் வர மாட்டேங்குது.”

“எனக்கு வருதே,” என்றார் ஜோல்தோஷ்.

அது பொய். கோடை தொடங்கியதிலிருந்தே அவருக்கும் வரவில்லை. வார்த்தை வருகிறது, தொப்பி வருகிறது, குரல் மட்டும் வருவதில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அவருடைய கரகரத்த குரலிலேயே வந்து நிற்கிறது. அந்த வீட்டில் யாரும் யார் குரலையும் பிடித்து வைத்திருக்கவில்லை. தினமும் தானாக வருகிற ஒன்றை யார் பிடித்து வைப்பார்கள்? வட்டார வானொலியில் கேட்டார். பழைய நாடாக்களை எல்லாம் நடுவத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

நடுவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் கதை நகராது.

பல வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு புது இயந்திரம் வந்தது. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, ஓரத்தில் கண் சிமிட்டும் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் வேலை நடக்கும். உள்ளே இருப்பவற்றின் பெயரைக் காட்ட எல்.எஸ்., ஓர் அறைக்குள் போக சி.டி., நகல் எடுக்க சி.பி., இடம் மாற்ற எம்.வி., அழிக்க ஆர்.எம். என்று ஒரு பத்துப் பதினைந்து கட்டளை. மற்ற ஊர்களில் கல்லூரிப் பிள்ளைகள் இவற்றை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டு மாலையில் பந்து விளையாடப் போய்விடுகிறார்கள். நடுவம் அப்படிப் பொறுப்பில்லாத இடம் இல்லை. ஒரு கட்டளைக்கு ஒரு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஓர் அதிகாரி, ஒரு முத்திரை, ஒரு ரப்பர் செடி. எல்.எஸ். தட்டுகிறவர் சி.டி. தட்டக் கூடாது, தட்டினால் விசாரணை. பல வருஷம் தவறில்லாமல் பணிபுரிந்தவர்களுக்குப் பதவி உயர்வு உண்டு. உயர்வு என்றால், கட்டளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துத் தட்டும் உரிமை. சிலர் அந்த ஓர் எழுத்துக்காகக் காத்திருந்தே ஓய்வு பெற்றார்கள்.

முதல் சாளரத்திலேயே ஜோல்தோஷ் மாட்டிக்கொண்டார்.

“இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டார் உள்ளே இருந்தவர்.

“உங்க முன்னாடிதான்.”

“முன்னாடின்னு ஒரு இடம் கிடையாது. வேர்லேர்ந்து சொல்லுங்க.”

“என்ன வேர்?”

“எல்லாத்துக்கும் மேல இருக்கறது வேர். அங்கேர்ந்து ஒண்ணு ஒண்ணா இறங்கி வரணும்.”

வேர் எப்படி மேலே இருக்கும் என்று ஜோல்தோஷ் கேட்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, “நாடு, பிஷ்கெக், நடுவம், தரைத்தளம், முதல் சாளரம், வெளிப்பக்கம்” என்று ஒப்பித்தார். சாளரக்காரர் திருப்தியோடு முத்திரை குத்தினார். அதன் பிறகு ஜோல்தோஷ் எங்கே இருக்கிறார் என்பதில் நடுவத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எதற்கு வந்திருக்கிறார் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எல்.எஸ். பிரிவில் ஜூமாகுல் என்ற அம்மாள் இருந்தார். தலையில் பூப்போட்ட கைக்குட்டை, மேசையில் ஆறிப்போன தேநீர். வருகிற ஆண்கள் எல்லாரும் அவருக்குப் பைக்கே, அதாவது அண்ணன்; அவர் எல்லாருக்கும் எஜே, அதாவது அக்கா. குருத்தைக் கண்டதும் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இரண்டு எழுத்துகளைத் தட்டினார். பெயர்கள் திரையில் சரசரவென்று இறங்கின. பாடகர்கள், மந்திரிகள், மாடு விற்றவர்கள், வாழ்த்துச் சொன்னவர்கள்.

“இருக்கு பைக்கே. ‘தோலோன், மார்ச், பார்வையாளர் புருல்.’ ஒண்ணே ஒண்ணு. மத்த நாடாவுல எல்லாம் மேலயே வேற பதிஞ்சிட்டாங்க போல.”

ஜோல்தோஷ் சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “எஜே, ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்.”

“நான் பேரை மட்டுந்தான் பாக்கலாம். எங்கிட்ட இருக்கறது எல்.எஸ். எத்தனை வருஷமா இந்தக் குரலுங்களோட பேரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், ஒண்ணைக் கூடக் கேட்டதில்ல.”

“பெரிசா இருக்குமா? ரொம்ப நேரம் பேசியிருக்காளா?”

“அளவு தெரியணும்னா கோடு போட்டு ஓர் எழுத்து தட்டணும். அந்த உயர்வு எனக்கு இன்னும் வரல. வந்தா மொத ஆளா உங்களுக்குத்தான் பாத்துச் சொல்றேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா இருக்கு பைக்கே. இருக்கறது நெசம்.”

அன்றைக்கு நரின் திரும்பும் வழியெல்லாம் ஜோல்தோஷ் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். முன்சீட்டுப் பயணி அவரிடமிருந்து குடி வாசனை வருகிறதா என்று இரண்டு தடவை முகர்ந்து பார்த்தார்.

அடுத்த வாரம் நகல் பிரிவு. அந்த அதிகாரி இளைஞர். கழுத்துப்பட்டையை இறுக்கமாகக் கட்டியிருந்தார். நகல் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, உரிமையை மட்டும் பார்த்துவிடலாம் என்றார்.

“எந்தக் குரலுக்கும் மூணு வகை ஆளுங்கதான் உண்டு. உரிமையாளர், குழு, மற்றவர். இந்தக் குரலோட உரிமையாளர் நடுவம். குழுன்னா வானிலைத் துறை ஊழியருங்க. உங்களுக்கு அங்க வேலையா?”

“இல்ல தம்பி. நான் அவ புருஷன்.”

இளைஞர் அனுதாபத்தோடு தலையாட்டினார். “புருஷன் ‘மற்றவர்’ல வருவாரு.”

“மற்றவரா?”

“உரிமையாளரும் இல்ல, குழுவும் இல்லேன்னா மற்றவர். தப்பா எடுத்துக்காதீங்க. உலகத்துல முக்காவாசிப் பேர் அதுலதான் இருக்காங்க.”

“இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம் தம்பி.”

“அது உங்க பக்கத்து விவரம். இயந்திரத்துல மூணு வகைதான் இருக்கு. மற்றவர் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, இயக்கக் கூடாது.” யோசித்தார். “அந்தம்மாவோட வேலை பாத்தவங்க யாராவது வந்தா உடனே குடுத்துடுவேன். கூட வேலை பாத்த கெரிம்னு ஒருத்தர் பேரு இருக்கே. அவரை வரச் சொல்லுங்க.”

கெரிமுக்கும் புருலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிலையத்து அடுப்பு விஷயத்தில் வந்த சண்டை. அந்தக் கெரிம் அவள் குரலைக் கேட்கலாம். ஜோல்தோஷ் கேட்கக் கூடாது. இருந்தாலும் ஜோல்தோஷ் கெரிமைத் தேடிப் போனார். அவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நடைபாதையில் இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஆர்.எம். பிரிவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். அங்கே கூட்டமே இருக்காதாம். இருக்கவில்லை. அதிகாரி மலர்ந்த முகத்தோடு, “சொல்லுங்க, எதை அழிக்கணும்?” என்றார். “ஒரு கேள்வி கேக்க மாட்டேன். யாரு என்னன்னு பாக்க மாட்டேன். இந்தக் கட்டடத்துல உடனுக்குடன் வேலை நடக்கற ஒரே இடம் இதுதான்.” ஜோல்தோஷ் அவசரமாக வெளியே வந்தார். வாயிலிருந்து புருலின் பெயர் தவறி விழுந்துவிடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

அப்படி நடந்து நடந்துதான் நடுவத் தலைவர் தாலாய்பெக் எசெனோவிச்சின் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தலைவர் நல்ல மனிதர். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலும் அரங்கம் நிறைந்திருப்பது போலத்தான் பேசுவார்.

“ஜோல்தோஷ் அவர்களே, உங்கள் கண்ணீர் எனக்குப் புரிகிறது. நேற்றுவரை இந்த நடுவத்தில் குரல்கள் சிதறிக் கிடந்தன. கேட்க நினைத்தவர்கள் கேட்டுவிடக் கூடிய ஆபத்தான நிலை. நாம் அதை மாற்றினோம். அடுத்த கட்டமாக, ‘மரபு’ என்ற புதிய அறையை இயந்திரத்துக்குள் நிறுவியிருக்கிறோம். துணை அமைச்சர் வந்து திறப்பு விழா நாடா வெட்டினார். எல்லாப் பெருங்குரல்களும் அதற்குள் போகும். போய் முடிந்ததும் நிறைவு விழா. அந்த அறை மட்டும் அனைவருக்கும் திறந்திருக்கும். மற்றவர்களுக்கும்.”

‘மற்றவர்களுக்கும்’ என்ற சொல்லில் ஜோல்தோஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப என் சம்சாரம் குரலும் அங்க போயிடுமா?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் காதில் ஏதோ சொன்னார்.

“வானிலை,” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “வானிலை மரபாகாது. இன்றைக்கு இருப்பது நாளைக்கு மாறிவிடும். அது பழைய அறையிலேயே கிடக்கும். கவலை வேண்டாம், அங்கே அதை யாரும் தொட மாட்டார்கள்.”

இந்த இடத்தில் ஜோல்தோஷ் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் தொடாமல் புருல் அங்கேயே கிடந்திருப்பாள். என்றைக்காவது கெரிம் திரும்பி வந்திருப்பார்.

ஜோல்தோஷ் போகவில்லை. வாராவாரம் வந்தார். சவாரியை இறக்கிவிட்டு, முகம் கழுவி, தலைவர் அறை வாசலில் உட்கார்ந்தார். குருத் கொண்டுவந்தார், பிறகு தேன், பிறகு ஒரு தோல்பை நிறையக் குமிஸ், புளிக்கவைத்த குதிரைப்பால். எதிரே எம்.கே.டி.ஐ.ஆர். பிரிவின் பூட்டிய கதவு. புது அறைகளைக் கட்டுவது அந்தப் பிரிவின் வேலை. அதன் அதிகாரி வசந்தத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டார். புது ஆள் இன்னும் நியமிக்கப்படவில்லை. வாசலில் ரப்பர் செடி வாடி நின்றது. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஜோல்தோஷ் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்தில் ஓர் இயந்திரத் திரையில் துணை அமைச்சர் வெட்டிய விழா நாடாவின் இரண்டு துண்டுகளும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

கடைசியில் ஒருநாள் தலைவர் வெளியே வந்து, குமிஸ் தோய்ந்த மீசையைத் துடைத்துக்கொண்டு, நடைபாதையிலேயே ஓர் உரை ஆற்றினார்.

“ஒரு மலைப்பெண்ணின் வானிலை அறிக்கைகூட மரபுதான் என்று இந்த நடுவம் அறிவிக்கிறது. எளிய ஓட்டுநர் ஒருவர் கேட்டார், நாம் செவிசாய்த்தோம். இதை விழா மலரில் சேர்க்கவும்.”

ஜோல்தோஷ் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இடம் மாற்றும் வேலை எம்.வி. பிரிவில் நடந்தது. சூயுன்பெக் என்ற மெலிந்த மனிதர் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் மலை மாதிரி உத்தரவுகள்.

“ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி உத்தரவு பைக்கே. மொத்தமா அள்ளிப் போடறது மரியாதை இல்லேன்னு தலைவர் சொல்லிட்டாரு. ஒண்ணைத் தட்டுவேன், முத்திரை குத்துவேன், எழுந்து நிப்பேன், உக்காருவேன், அடுத்தது.”

“எதுக்கு எழுந்து நிக்கறீங்க?”

“மரபு இல்லையா.”

ஜோல்தோஷ் பக்கத்தில் நின்று பார்த்தார். சூயுன்பெக் ஒரு பாடகரின் பெயரைத் தட்டினார், ‘மரபு’ என்று தட்டினார், பெரிய பொத்தானை அழுத்தினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. கட்டம் மட்டும் கண் சிமிட்டியது.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“ஒண்ணும் சொல்லலையே.”

சூயுன்பெக் சிரித்தார். “இதோட குணமே அதான். சொன்ன வேலைய முடிச்சிட்டா வாயத் தொறக்காது. ஏதாவது தப்புன்னாதான் பேசும். பேசலேன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்.”

“எங்க வீட்ல நேர்மாறு,” என்றார் ஜோல்தோஷ். “அவ பேசலேன்னாத்தான் தப்பு.”

“எங்க வீட்லயும்தான். அதனாலதான் ஆபீஸுக்கே சீக்கிரம் வந்துடறேன்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு சூயுன்பெக் உத்தரவுகளுக்குள் துழாவி ஒன்றை உருவினார். “உங்க வீட்டம்மாது. முறைப்படி பாத்தா கடைசிப் பக்கம் வரணும். நீங்க நிக்கறப்பவே பண்ணிடறேனே.”

ஜோல்தோஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சூயுன்பெக் ஒரு விரலால் தட்டினார். புருலின் பெயர் திரையில் எழுத்து எழுத்தாக வந்தது. பெரிய பொத்தான். கட்டம் கண் சிமிட்டியது. இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. சூயுன்பெக் எழுந்து நின்றார். ஜோல்தோஷ் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

எல்.எஸ். சாளரத்தில் ஜூமாகுலும் உறுதிப்படுத்தினார். “பழைய இடத்துல அவங்க பேரு இல்ல பைக்கே, போயிட்டாங்க. ‘மரபு’ன்னு பேரு இருக்கு, நல்லா தெரியுது.”

“உள்ள யாராவது போய்ப் பாத்தாங்களா எஜே?”

“விழாவுக்கு முன்னாடி உள்ள போறது அவமரியாதையாம்.”

விழா அக்டோபர் தொடக்கத்தில். அரங்கத்தில் பூக்கள், தட்டு தட்டாக எண்ணெயில் பொரித்த போர்சோக், துணை அமைச்சர். சைராவும் வந்திருந்தாள், அம்மாவின் பச்சைச் சால்வையைப் போட்டிருந்தாள். சூயுன்பெக் கடைசி உத்தரவை எல்லார் முன்னாலும் நிறைவேற்றினார். அது ‘மரபு’ அறையைத் திறந்துவைத்த நாளில் தலைவர் தாலாய்பெக் எசெனோவிச் ஆற்றிய உரை. விருந்தில் வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடம் பெரியவருக்கு என்பது போல, கடைசி இடம் அந்தக் குரலுக்கு என்று முடிவு செய்திருந்தார்கள். இயந்திரம் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“ஆயிரமாயிரம் குரல்கள்,” என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். “ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு புகார் இல்லை. நாட்டின் எந்த அலுவலகமாவது இவ்வளவு பேரை இவ்வளவு அமைதியாக ஓரிடத்தில் சேர்த்திருக்கிறதா? இப்போது சி.டி. பிரிவு உள்ளே நுழையும்.”

சி.டி. அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தட்டினார். இயந்திரம் முதன்முதலாகப் பேசியது. ஒரு வரி திரையில் வந்தது: ‘மரபு என்பது அறை அல்ல.’

துணை அமைச்சர் கை தட்டினார். அரங்கமும் தட்டியது. தலைவர் நெகிழ்ந்துபோனார். “பாருங்கள். அறை அல்ல. அது நம் உயிர் என்று இயந்திரமே சொல்கிறது.”

சூயுன்பெக் மட்டும் கை தட்டவில்லை. அவர் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டதை ஜோல்தோஷ் பார்த்தார்.

அடுத்து, ஜூமாகுலுக்கு மேடையிலேயே பதவி உயர்வு வழங்கப்பட்டது. சால்வை போர்த்தி, ஒரு கோடும் ஓர் எழுத்தும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதன்முறையாக நீளமாகத் தட்டினார். ஜோல்தோஷுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்ததால் அளவைத்தான் முதலில் தேடினார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை மறந்து சாதாரணமாகச் சொன்னார்:

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

“போடுங்கள்,” என்றார் தலைவர், இன்னும் சிரித்தபடி.

போட்டார்கள். அரங்கம் முழுக்கத் தலைவரின் குரல் எழுந்தது: “இனி இந்த மண்ணின் எந்தக் குரலும் தொலையாது...” உரை நீளமானது. முடிந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. சைரா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததாக அம்மா வருவாள் என்று காத்திருந்தாள்.

நடைபாதையில், பூட்டிய கதவுக்குப் பக்கத்தில், ஜோல்தோஷ் சூயுன்பெக்கைப் பிடித்தார்.

“அறைய யாரும் கட்டவே இல்ல பைக்கே,” என்றார் சூயுன்பெக். “நாடா வெட்டினாங்க, கல்வெட்டு வச்சாங்க. எம்.கே.டி.ஐ.ஆர். தட்டற ஆளு இல்ல. தட்டியாச்சுன்னு எல்லாரும் நெனச்சுட்டோம்.”

“சரி. அறை இல்லேன்னா குரல் எங்க போச்சு?”

“அறை இருந்தா உள்ள வைக்கும். இல்லேன்னா, போற குரலுக்கே அந்தப் பேரை வச்சிடும். மொதப் பாடகர் ‘மரபு’ ஆனாரு. ரெண்டாவது ஆள் போனதும், அவரைத் தொடச்சிட்டு இவரு ‘மரபு’ ஆனாரு. அப்படியே...”

ஜோல்தோஷ் தன் வேனை நினைத்துக்கொண்டார். “ஒரே சீட்டு,” என்றார். “ஏறினவங்க எல்லாரையும் ஒரே சீட்டுல உக்கார வச்சிருக்கீங்க.”

“ஆமா பைக்கே.”

“ஒரு தடவ கூட அது சொல்லலையா?”

“ரெண்டு குரலைச் சேத்து அனுப்பியிருந்தா, அறை இல்லேன்னு கத்தியிருக்கும். ஒண்ணு ஒண்ணா அனுப்பினா கத்தாது. பேரு மாத்தச் சொல்றோம்னு நெனச்சுக்கும்.” சூயுன்பெக் சுவரில் சாய்ந்தார். “மரியாதைக்காக ஒண்ணு ஒண்ணா அனுப்பினோம்.”

“அவ எவ்வளவு நேரம் இருந்தா?”

“புரியல.”

“அந்தச் சீட்டுல. அடுத்த ஆள் வர்றதுக்கு முன்னாடி.”

அன்றைக்கு, புருலுக்குப் பிறகு, ஜோல்தோஷ் கொண்டுவந்த தேனைப் போட்டு இருவரும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

“ஒரு டீ குடிக்கற நேரம்,” என்றார் சூயுன்பெக்.

பழைய அறையில் வானிலை அறிக்கைகள் எல்லாம் அப்படியே இருந்தன. மரபு இல்லை என்பதால் யாரும் தொடவில்லை. கெரிம் ஜலதோஷத்தோடு வாசித்தவைகூடப் பத்திரமாக இருந்தன. புருல் மட்டும் இல்லை. அவளுக்கு மட்டும்தான் சிபாரிசு இருந்தது.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது இரண்டு கேள்விகளை ஆராய்ந்தது. இயந்திரம் ஏதாவது பிழையை அறிவித்ததா? இல்லை. எந்த உத்தரவாவது நிறைவேறாமல் நின்றதா? இல்லை. ஆகவே இழப்பு எதுவும் நிகழவில்லை என்று குழு ஒருமனதாக முடிவுக்கு வந்தது. தினமும் மாலையில் எல்லாவற்றையும் வேறோர் இயந்திரத்தில் பிரதி எடுத்துவைக்கும் பிரிவு ஒன்று இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அந்தப் பிரிவும் கடமை தவறவில்லை. முதல்நாள் பிரதியின்மேல் மறுநாள் பிரதியை வைத்து, இல்லாமல் போன ஒவ்வொரு குரலையும் அங்கேயும் இல்லாமல் செய்திருந்தது.

தலைவர் ஜோல்தோஷைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்.

“உங்கள் மனைவி மரபாகவே இருந்தார் என்பதை மறக்காதீர்கள். சிறிது நேரமே ஆனாலும், இந்த நாட்டின் முழு மரபும் அவர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்து எந்த வானிலைப் பார்வையாளருக்கும் அந்தப் பேறு கிடைத்ததில்லை. இன்னொன்று. இப்போது ‘மரபு’ அனைவருக்கும் திறந்திருக்கிறது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து என் உரையைக் கேட்கலாம். மற்றவர் என்று யாரும் தடுக்க மாட்டார்கள்.”

ஜோல்தோஷ் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வரும்போது ரப்பர் செடியில் ஒரு புது இலை விட்டிருந்தது.

சாளரத்தில் ஜூமாகுல் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து வெளியே வந்தார். அதற்கு அவருக்கு அனுமதி இருந்ததா என்பது தெரியவில்லை.

“பைக்கே, நான் அவங்க பேரைத் தெனமும் பாத்திருக்கேன். எத்தனையோ வருஷம். அவங்க குரல் எப்படி இருக்கும்?”

ஜோல்தோஷ் வாயைத் திறந்தார். நின்றார். “உங்க குரல் மாதிரி இல்ல எஜே,” என்றார் கடைசியில். “அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியுது.”

வருஷ விருந்து நடந்தது. குதிரை அறுத்தார்கள், உறவெல்லாம் வந்தது, குர்ஆன் ஓதினார்கள். எல்லார் குரலும் கேட்டது.

அடுத்த வாரம் ஜோல்தோஷ் காலைச் சவாரி ஏற்றிக்கொண்டு நரினிலிருந்து கிளம்பினார். தோலோன் ஏறும்போது முதல் பனி விழ ஆரம்பித்தது. கணவாய் உச்சியில், வானிலை நிலையத்துக்கு எதிரே, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வானொலியைப் போட்டார். அறிக்கை வருகிற நேரம். நிலையத்தில் ஆள் கிடையாது. புருலுக்குப் பிறகு யாரையும் போடவில்லை. வானொலி இரைந்துகொண்டிருந்தது.

முன்சீட்டில் இருந்தவர் ஒரு மாணவர். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். “பைக்கே, ஏன் நிறுத்திட்டீங்க? ரோடு மூடிட்டாங்களா? ரேடியோல ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்ப?”

ஜோல்தோஷ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பனி ஒட்டியது.

“ஒண்ணும் சொல்லலேன்னா எல்லாம் சரின்னு அர்த்தமாம்,” என்றார்.

மாணவர் நிம்மதியாகக் காதில் மறுபடி மாட்டிக்கொண்டார். பின்னால் யாரும் அவர் தலையைப் பார்க்கவில்லை. ஜோல்தோஷ் தொப்பியை எடுத்து, தானாகவே, மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.